பிசிறு, பிசையாதே

"கையை எடு" என்றார் கீழ்வீட்டு அம்மா. அதட்டல் இல்லை, ஆனால் என் மணிக்கட்டைப் பிடித்தே விட்டார். பாத்திரத்தில் மைதாவும் வெண்ணெயும் பாலும் ஒட்டியும் ஒட்டாமலும் கிடந்தன. பாதியில் விட்ட வேலை மாதிரி இருந்தது. போளிக்கு மாவு பிசைந்து வளர்ந்த கை என்னுடையது. அப்படி ஒரு மாவைக் கண்டால் சும்மா இருக்காது. இன்னும் நாலு அழுத்து அழுத்தி, உருட்டி, பளபளப்பாக்கினால்தான் மனசு ஆறும்.

"இதற்கு மேல் உன் வேலை இல்லை, ஹென்" என்றார். ஸ்காட்லாந்தில் வயதானவர்கள் இளைய பெண்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள். நம் ஊர் 'கண்ணு' மாதிரி.

நாங்கள் பெர்த் என்னும் ஊரில் குடியேறி அப்போது இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. டே நதிக்கரையில் உள்ள பழைய ஊர். மூன்று கிலோமீட்டர் வடக்கே போனால் ஸ்கூன் என்றொரு கிராமம். எழுதுவதென்னவோ, அன்று நான் கற்றுக்கொண்டிருந்த ஸ்கோன் என்ற பலகாரத்தின் எழுத்துகளில்தான். ஸ்காட்லாந்து அரசர்கள் முடிசூடிக்கொண்ட இடம் அது. அவர்கள் அமர்ந்து முடிசூடிய கல்லை 1296-இல் இங்கிலாந்து அரசன் எடுத்துப் போனான். 1996-இல் திரும்பி வந்தது. இப்போது பெர்த் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பலகாரத்துக்கும் ஊருக்கும் தொடர்பு உண்டு என்று பெருமையாகச் சொல்பவர்கள் உண்டு, நிரூபணம் கிடையாது. எழுத்தில் அந்தப் பலகாரத்தின் பெயர் 1513-இல் வருகிறது. கவின் டக்ளஸ் என்ற ஸ்காட்லாந்துக் கவிஞர் வர்ஜிலின் காவியத்தை மொழிபெயர்த்தபோது போட்ட சொல். அந்தக் காலத்து ஸ்கோன் ஓட்ஸ் மாவிலோ பார்லி மாவிலோ தட்டையாகத் தட்டி, இரும்புக் கல்லில் வாட்டி எடுத்தது. கீழ்வீட்டு அம்மாவிடம் அப்படி ஒரு கல் இருக்கிறது. மேலே வளைந்த பிடி வைத்த அந்தக் கல்லை முதலில் பார்த்தபோது, தோசைக்கல்லுக்கு யார் பிடி வைத்தது என்று நினைத்தேன்.

கீழ்வீட்டு அம்மா என் கையைப் பிடித்த அன்றைக்கு முந்தின வாரம் நானாக ஒரு தடவை செய்து பார்த்திருந்தேன். கடை ஸ்கோன் பலவற்றில் முட்டை சேர்ந்திருக்கும், எங்களுக்கு ஆகாது. வீட்டில் செய்தால் முட்டையே வேண்டாம் என்று தெரிந்ததும் உற்சாகமாக உட்கார்ந்து, சப்பாத்தி மாவு போல் அடித்துப் பிசைந்தேன். உயரவே இல்லை. பல் பதியவில்லை. அதை எடுத்துக்கொண்டுதான் கீழே போனேன். அவர் ஒன்றைத் தட்டிப் பார்த்துவிட்டு, "நீ நன்றாக உழைத்திருக்கிறாய்" என்றார். அந்த ஊரில் அது பாராட்டு இல்லை என்று பிறகு புரிந்தது.

வேண்டியது கொஞ்சம்தான். பேக்கிங் பவுடர் கலந்தே வரும் மைதா 225 கிராம், உப்பு ஒரு சிட்டிகை, ஃப்ரிஜ்ஜிலிருந்து அப்போதே எடுத்த வெண்ணெய் 55 கிராம், சர்க்கரை 25 கிராம், பால் 150 மில்லி. விருப்பப்பட்டால் ஒரு பிடி உலர்திராட்சை. ஓவன் முன்கூட்டியே 220 டிகிரிக்குச் சூடாகியிருக்க வேண்டும். வெண்ணெயைத் துண்டு துண்டாக மாவில் போட்டு விரல் நுனியால் தேய்த்து உதிர்க்க வேண்டும். கீழ்வீட்டு அம்மாவின் விரல்களைப் பார்த்ததும் எனக்குச் சொல் கிடைத்துவிட்டது. புட்டுக்கு மாவில் தண்ணீர் தெளித்து நாம் செய்கிறோமே, அதே வேலை. பிசிறுவது. பிசைவது வேறு, பிசிறுவது வேறு. பிசையும்போது உள்ளங்கையும் தோளின் பலமும் இறங்கும். பிசிறும்போது நுனி விரல் மட்டும் மாவைத் தூக்கித் தூக்கி விடும். உள்ளங்கை பட்டால் அதன் சூட்டிலேயே வெண்ணெய் உருகிவிடும்.

ரவைப் பதம் வந்ததும் சர்க்கரையைக் கலந்து, பாலை ஒரே தடவையில் ஊற்றி, மொட்டைக் கத்தியால் நாலு கிளறு. சேர்ந்தும் சேராமலும் இருக்கும்போதே பலகையில் கொட்டி, இரண்டு மடிப்பு மடித்து, ஓர் அங்குலக் கனத்துக்குக் கையால் தட்டி, வட்ட அச்சால் நேராக அழுத்தி எடுக்க வேண்டும். அச்சைத் திருகக்கூடாது. திருகினால் ஓரம் ஒட்டி அடைத்துக்கொண்டு கோணலாக எழும். மேலே பால் தடவும்போது பக்கத்தில் வழியக்கூடாது, அதற்கும் காரணம் அதுதான். பன்னிரண்டு முதல் பதினைந்து நிமிஷம்.

பிசையக்கூடாது என்பதற்குக் காரணம் கோதுமைக்குள் இருக்கிறது. அதிலுள்ள இரண்டு புரதங்கள் தண்ணீர் பட்டதும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு இழையாகும். பிசையப் பிசைய இழை முறுக்கேறும். போளிக்கு அது வேண்டும், இல்லையென்றால் மெல்லிசாகத் தட்ட வராது. ஸ்கோனுக்கு அதுவே பகை. வெண்ணெய் மாவைப் பூசி இழை சேரவிடாமல் தடுக்கிறது. பேக்கிங் பவுடரில் உள்ள சோடாவும் அமிலமும் பாலின் ஈரத்தில் சேர்ந்து கரியமில வாயுவைக் கிளப்புகின்றன. சூட்டில் இன்னும் கிளம்பும். வெண்ணெயில் உள்ள நீர் ஆவியாகும். தூக்கிவிடுபவை இவைதாம். கை எத்தனை சாமர்த்தியமான கையாக இருந்தாலும் ஒரு ஸ்கோனைக்கூட அரை அங்குலம் உயர்த்த முடியாது. உயர விடாமல் தடுக்க மட்டும் முடியும்.

அந்த பேக்கிங் பவுடருக்கும் ஒரு கதை உண்டு. 1843-இல் பர்மிங்ஹாமில் ஆல்ஃபிரட் பேர்ட் என்ற மருந்துக் கடைக்காரர், ஈஸ்ட்டும் முட்டையும் ஒத்துக்கொள்ளாத தன் மனைவிக்காகத் தேடிக் கண்டுபிடித்தது அது. முட்டை இல்லாத கஸ்டர்ட் பவுடரையும் அவளுக்காகவே அவர் முன்பே செய்திருந்தார். அந்த மனிதர் என் ஊரான ஸ்ரீரங்கத்தைக் கேள்விப்பட்டிருக்கவே மாட்டார். ஆனால் அவர் மனைவிக்குச் செய்தது என் வீட்டுத் தளிகை உள்ளுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. நான் கேட்டுப் பெற்றதில்லை. ஓவன் கதவைத் திறக்கும்போது சில நாள் அவரை நினைத்துக்கொள்வேன்.

'இதற்கு மேல் உன் வேலை இல்லை' என்ற வார்த்தை அன்றைக்கு ராத்திரி என்னைத் தூங்க விடவில்லை. அதே வார்த்தையை வேறொருத்தர் வாயால் சின்ன வயசில் நிறையக் கேட்டிருக்கிறேன்.

எனக்கு இரண்டு பாட்டி, ஸ்ரீவைஷ்ணவத்தின் இரண்டு கிளையிலிருந்தும் ஒவ்வொருத்தி. அப்பாவின் அம்மா ஸ்ரீரங்கம், கீழச்சித்திரை வீதி, தென்கலை. அம்மாவின் அம்மா காஞ்சிபுரம், வடகலை. காஞ்சிப் பாட்டி பெருமாள் முன்னால் திரும்பத் திரும்ப விழுந்து சேவிப்பாள். ஸ்ரீரங்கத்துப் பாட்டி ஒரே தடவை. "ஒரு தரம் போறும்டீ, அவன் பார்த்துட்டான். இதுக்கு மேல நம்ம வேலை இல்லை" என்பாள். காஞ்சிப் பாட்டி வந்திருந்தால் திருவாராதனத்துக்கு மணி வேண்டும். தங்கள் ஆசாரியர் வேதாந்த தேசிகன் திருவேங்கடமுடையானின் திருமணியின் அவதாரம் என்பது வடகலையார் கொண்டாட்டம். எங்கள் அகத்தில் மணி அடிக்கிற வழக்கம் கிடையாது. குழந்தைகளான எங்களுக்கு இதெல்லாம் வேடிக்கை. உள்ளே இருந்த கேள்வி வேடிக்கை இல்லை என்று தெரிய நாற்பது வயது ஆயிற்று.

கேள்வி இதுதான். ஜீவனைக் கரையேற்றுவது யார் வேலை? பூனை தன் குட்டியை வாயால் கவ்விக்கொண்டு போகிறது. குட்டி ஒன்றும் செய்வதில்லை, தொங்குகிறது. குரங்குக் குட்டி தாயின் வயிற்றைத் தானே கெட்டியாகப் பற்றிக்கொள்கிறது. தென்கலைக்குப் பூனை, வடகலைக்குக் குரங்கு என்று மார்ஜார நியாயம், மர்க்கட நியாயம் என்ற பெயரில் எல்லோரும் சொல்வார்கள். இந்த உவமை தேசிகனுக்கு நியாயம் செய்யவில்லை என்பது என் கட்சி. தேசிகனும் பகவானே உபாயம் என்றுதான் சொன்னார். சரணாகதி ஒரு வியாஜம், ஒரு சாக்கு. அந்தச் சாக்குகூட வேண்டாம் என்றால், இவனை ஏன் எடுத்தாய், அவனை ஏன் விட்டாய் என்று பகவானைப் பட்சபாதி ஆக்கிவிடுமே என்பது அவர் கவலை. தென்கலை ஆசாரியர் பிள்ளை லோகாசார்யர் ஸ்ரீவசன பூஷணத்தில் போன வழி வேறு. சரணம் என்று நாம் சொல்வதையும் உபாயமாக எண்ணக்கூடாது. எண்ணினால் அங்கேயும் நம் கை வந்துவிடுகிறது. பெற்றவளின் அன்புக்குக் குழந்தை கைம்மாறு என்று எதைக் கொடுக்கும்? கிருபைக்கு ஏது கிடையாது. அதனால் அது நிர்ஹேதுக கிருபை.

எல்லாம் அவனே செய்வான் என்றால் சோம்பேறியாக உட்கார்ந்திருக்கலாமா? இதைக் கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். 1323-இல் டெல்லிப் படை ஸ்ரீரங்கத்தின் மேல் வந்தபோது பிள்ளை லோகாசார்யர் தள்ளாத கிழவர். நாம் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று உபதேசித்தவர், ஸ்ரீரங்கத்து உற்சவரான நம்பெருமாளை எழுந்தருளப்பண்ணிக்கொண்டு காடும் மேடுமாக மதுரைப் பக்கம் போனார். ஜோதிஷ்குடியில் அந்த அலைச்சலிலேயே பரமபதித்தார் என்று நம் குருபரம்பரை சொல்கிறது. அதே நாசத்தில் தேசிகன், சுதர்சன சூரியின் சுருதப்பிரகாசிகை என்ற உரையின் ஓலைகளையும் அந்தச் சூரியின் இரண்டு பிள்ளைகளையும் பிணங்களுக்கு நடுவே கிடந்து காப்பாற்றினார் என்பதும் மரபு. நம்பெருமாள் ஸ்ரீரங்கத்துக்குத் திரும்பியது 1371-இல். பூனைக் கட்சி ஆசாரியர் பெருமாளையே சுமந்தார். குரங்குக் கட்சி ஆசாரியர் பிணத்தோடு பிணமாக அசையாமல் கிடந்தார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும். கையைப் பற்றி அவர்கள் எழுதியதை அவர்கள் கையோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

கீழ்வீட்டு அம்மாவிடம் இந்தப் பூனை குரங்குக் கதையை ஒரு சனிக்கிழமை சொன்னேன். அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் எழுந்துபோய் மேஜை இழுப்பறையிலிருந்து ஈயத்தில் செய்த ஒரு சின்ன வில்லையை எடுத்து வந்து என் உள்ளங்கையில் வைத்தார். அவருடைய பாட்டி வீட்டில் இருந்ததாம். ஸ்காட்லாந்துத் திருச்சபையில் ஒரு காலத்தில் கர்த்தருடைய பந்திக்கு எல்லோரும் போய்விட முடியாது. மூப்பர்கள் விசாரித்து, தகுதி உண்டு என்று கண்டால்தான் இந்த வில்லையைக் கொடுப்பார்கள். அதைக் கொடுத்தால்தான் பந்தி. "மீட்பு முழுக்க முழுக்கக் கடவுளின் கிருபை, மனிதன் செயலால் இல்லை என்று போதித்தவர்களும் இவர்கள்தான்" என்றார். ஸ்காட்லாந்துத் திருச்சபை 1647-இல் ஏற்றுக்கொண்ட வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கையில், யாரை மீட்பது என்று உலகம் உண்டாகும் முன்பே தேவன் தீர்மானித்துவிட்டார் என்றே இருக்கிறது. தேர்ந்தெடுக்கப்பட்டவளா இல்லையா என்ற பயத்திலேயே தன் பாட்டி செத்தாள் என்றார். தேசிகன் எந்த ஆபத்தைக் கண்டாரோ அதே ஆபத்து.

எங்கள் தெருவிலிருந்து பத்து நிமிஷ நடையில் புனித யோவான் ஆலயம். 1559 மே 11-ஆம் தேதி சமயச் சீர்திருத்தக்காரர் ஜான் நாக்ஸ் அங்கே பிரசங்கம் செய்தார். கூட்டம் எழுந்து பலிபீடங்களையும் உருவங்களையும் உடைத்தது. ஸ்ரீரங்கத்துக்காரி எனக்கு அந்தக் கல்தரையில் நிற்கும்போது வயிற்றைப் பிசையும். உடைத்தவர்கள் வாயிலும் கிருபை என்ற சொல்தான் இருந்தது. ருடால்ஃப் ஓட்டோ என்ற ஜெர்மானிய இறையியல் அறிஞர் 1930-இல் நம் கிருபை மார்க்கத்தையும் கிறிஸ்தவத்தையும் ஒப்பிட்டு ஒரு புத்தகமே எழுதினார். நான் ஒப்பிடத் தகுதியுள்ளவள் இல்லை. ஆனால் அந்த ஈய வில்லையின் கனம் இன்னும் என் உள்ளங்கையில் இருக்கிறது. கிருபையை நம்புகிறேன் என்று சொல்லிக்கொண்டே வாசலில் நின்று தகுதி பார்க்கும் கை எல்லா ஊரிலும் உண்டு. எங்கள் இரண்டு கலைகளும் கோயில் வாசலில் போட்ட சண்டைகள் எனக்குத் தெரியாதவை இல்லை.

2018 கோடையில் அம்மா ஆறு மாத விசாவில் பெர்த்துக்கு வந்தாள். மறதி நோய் அதற்குள் நன்றாக ஏறியிருந்தது. வந்த இரண்டாவது வாரம் என்னைப் பார்த்து, "நீங்க யாரம்மா, நன்னா இருக்கேளா?" என்று மரியாதையாகக் கேட்டாள். பிறகு நான் செய்தது பெரிய தவறு. தினமும் பரீட்சை வைத்தேன். நான் யார் சொல்லு? அப்பா பேர் என்ன? இது யார், பெருமாள்தானே, பெருமாள் பேர் சொல்லு? அவள் கண் மிரளும். பதில் வராது. நான் விடமாட்டேன். ஞாபகத்தை இழுத்துப் பிடித்துத் திரும்பக் கொண்டுவந்துவிடலாம் என்று நினைத்தேன். போளி மாவு பிசைகிற அதே கை.

எனக்கு உள்ளே இருந்த பயம் வேறு. கடைசி நேரத்தில் எதை நினைக்கிறோமோ அதையே அடைகிறோம் என்று கீதை எட்டாவது அத்தியாயம் சொல்கிறது. நினைப்பே போய்விட்ட ஒருத்தி எதை நினைப்பாள்? குரங்குக் குட்டியின் விரல் தானாகக் கழன்றுவிட்டால்?

ஒரு நாள் காலை கீழ்வீட்டு அம்மா மேலே வந்திருந்தார். நான் ஸ்கோனுக்கு மாவு எடுத்து வைத்திருந்தேன். அவர் என்னைக் கேட்கவில்லை. பாத்திரத்தை அம்மாவின் மடியில் வைத்து, அவள் இரண்டு கையையும் எடுத்து மாவுக்குள் விட்டார். அம்மா கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். பிறகு விரல் நுனிகள் அசைந்தன. கட்டைவிரல் மற்ற விரல்களின் மேல் சுண்டுவிரலிலிருந்து ஆள்காட்டி வரை ஓடும், மாவைத் தூக்கும், விடும். திரும்ப ஓடும். உள்ளங்கை ஒரு தடவைகூடப் படவில்லை. வெண்ணெய்க் கட்டி ஒன்று தட்டுப்பட்டால் அதை மட்டும் தனியாக எடுத்து நசுக்கி உதிர்ப்பாள். பெண்ணின் பெயர் போய்விட்டது, அகத்துக்காரர் பெயர் போய்விட்டது. பிசிறும் விரல் போகவில்லை. கீழ்வீட்டு அம்மா அவளை ஒன்றும் சொல்லவில்லை. எனக்குச் சொல்லிக்கொடுத்ததில் பாதிகூட அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

வெந்து வந்ததும் ஒன்றை ஆற வைத்து, பிட்டு, கொஞ்சம் வெண்ணெய் தடவி அம்மாவிடம் நீட்டினேன். வாயை இறுக மூடிக்கொண்டாள். பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். சற்றுப் பொறுத்து, "பெருமாளுக்கு ஆச்சா?" என்றாள்.

ஆகவில்லை. மைதாவும் சோடாவும் சேர்ந்த அயல்நாட்டுப் பலகாரத்தை யார் பெருமாளுக்குக் கண்டருளப்பண்ணுவார்கள்? நான் அதுவரை அப்படித்தான் நினைத்திருந்தேன். தட்டை எடுத்துப் போய்ச் சன்னதியில் வைத்து, துளசி தீர்த்தம் சுற்றிக் கொண்டுவந்தேன். அதன் பிறகு அம்மா இரண்டு சாப்பிட்டாள். ஆசாரம் தெரிந்தவர்கள் என்னைக் கோபிக்கலாம். பெருமாள் பேர் சொல் என்று நான் வாரக்கணக்கில் பிசைந்தும் வராத வார்த்தை, யாரும் கேட்காதபோது வந்ததை நேரில் பார்த்தவள் நான்.

அவள் ஊருக்குத் திரும்பிய பிறகுதான் நான் இந்த விஷயத்தை ஒழுங்காகப் படித்தேன். கடைசி நினைவு வேண்டும் என்பது பக்தி யோகம் செய்பவனுக்கு. சரணாகதி செய்தவனுக்கு அந்த நிர்ப்பந்தம் இல்லை என்று இரண்டு கலையாரும் ஒப்புக்கொள்கிறார்கள். வராக சரம சுலோகம் என்று ஒன்று உண்டு. வராகப் பெருமாள் பூமித்தாயிடம் சொல்வது. உடம்பும் மனசும் நன்றாக இருக்கும்போது ஒருவன் என்னை நினைத்திருந்தால் போதும். கடைசியில் அவன் கட்டையாய், கல்லாய்க் கிடக்கும்போது நான் அவனை நினைக்கிறேன், நான் அழைத்துப் போகிறேன் என்பது அதன் கருத்து. அம்மா கல்யாணத்துக்கு முன்பே காஞ்சியில் ஆசாரியனிடம் பரந்யாசம், அதாவது தன் பாரத்தைப் பெருமாளிடம் ஒப்படைக்கும் சரணாகதி, பண்ணிக்கொண்டவள். ஒரே தடவை செய்வது அது. மறந்தாலும் அழியாது, திரும்பச் செய்யக்கூடாது. வடகலைப் பாட்டி கணக்கில் அவள் பாரம் என்றைக்கோ இறங்கியாகிவிட்டது. தென்கலைப் பாட்டி கணக்கில் பாரம் அவளுடையதாக இருந்ததே இல்லை. என் அம்மா விஷயத்தில் இரண்டு பாட்டிகளும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறார்கள். ஞாபகம் வைத்துக்கொள்ளும் வேலை அவளிடம் இல்லை.

இரண்டில் நான் எந்தப் பக்கம் என்று கேட்டால், பாதி வாழ்க்கை காஞ்சிப் பாட்டி பக்கம் இருந்தேன், இப்போது ஸ்ரீரங்கத்துப் பாட்டி பக்கம் வந்திருக்கிறேன். ஆனால் தட்டு நிறைய மாவும் வெண்ணெயும் வைத்துவிட்டுப் பிசிறாமல் விட்டால் எதுவும் எழாது. விரல் நுனி அளவு வேலை நம்முடையது. அதை முழு மனதாகச் செய்ய வேண்டும். செய்தபின் கையை எடுக்க வேண்டும். எடுப்பது எனக்கு இன்னும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஓவன் கதவுக் கண்ணாடி முன்னால் பன்னிரண்டு நிமிஷம் நிற்கும்போது திறந்து பார்க்கச் சொல்லிக் கை பரபரக்கும்.

2021 மே மாதம் அம்மா ஸ்ரீரங்கத்தில் அண்ணா அகத்தில் பரமபதித்தாள். கொரோனாக் கட்டுப்பாடுகளால் என்னால் போக முடியவில்லை. கடைசி இரண்டு நாள் நினைவில்லை என்று அண்ணா ஃபோனில் சொன்னான். விரல் மட்டும் போர்வையின் மேல் அசைந்துகொண்டிருந்ததாம். வலியோ என்னவோ என்று அவன் பயந்திருக்கிறான். வலியாக இராது என்று அவனுக்குச் சொன்னேன். கீழ்வீட்டு அம்மா அன்றைக்குக் கதவைத் தட்டி, ஒரு துணியில் சுற்றிய நாலு ஸ்கோனை வாசல்படியில் வைத்துவிட்டு இரண்டு கெஜம் தள்ளி நின்று அழுதார். நான் தீட்டில் இருந்தேன், சாப்பிடவில்லை. துணியை மட்டும் வைத்திருக்கிறேன்.

உங்கள் அகத்திலும் நினைவு தப்பிய பெரியவர் ஒருவர் இருக்கலாம். 'நான் யார் சொல்லு பார்க்கலாம்' என்று அவரைக் கேட்காதீர்கள், தயவு செய்து. ஒரு பாத்திரத்தில் கொஞ்சம் மாவோ, கொத்தவரங்காயோ, தொடுக்கிற பூவோ, அவர் கைக்குப் பழக்கமானது எதுவோ அதை மடியில் வையுங்கள். பக்கத்தில் உட்காருங்கள்.